புஜ்ஜி ஒயின் ஊற்றிய அறையில் ஒரு மத்தியானம்

புஜ்ஜி, இது உன் பக்கம். நான் வந்து எழுதுறேன், கோச்சுக்காதே. பழவேற்காடு போய்வந்ததை நீ எழுதினாயே, அதுக்குக் கீழே இன்னும் ஆளுங்க வந்து போட் எத்தனை மணிக்கு, நண்டு எங்கே நல்லா இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்காங்க. நீ பதில் போடுவாய் என்று காத்திருக்காங்க போல. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், சரி, நாமளாவது ஒரு தடவை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

படிக்கிறவங்களுக்குச் சொல்லிவிடுறேன். என் பேர் செல்வி. இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த சுகந்தியோட அம்மா. எங்க ஊட்டில் அவள் புஜ்ஜி. போன கார்த்திகையில் டெங்கு காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். இருபத்தாறு வயசு. அதுக்கு மேலே அதைப் பற்றி எழுத மாட்டேன். நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டுறேன். போனில் பேசினால் அதுவே எழுதுது. அது தப்பா எழுதினதை நான் விரலால் அடிச்சுத் திருத்துறேன். நான் தப்பாப் பேசினதைத் திருத்த ஆள் இல்லை, நீங்களே சரியாப் படிச்சுக்கோங்க.

பஸ்ஸில் போய்வர முடியுற இடத்தைப் பற்றி மட்டும்தான் அவள் எழுதுவாள். காசு எவ்வளவு, தூரம் எவ்வளவு, எங்கே இறங்கணும், எல்லாம் சரியா இருக்கணும், இல்லைன்னா படிச்சுட்டுப் போறவங்க நடுரோட்டில் நின்று முழிப்பாங்க என்பாள். அவள் எழுதாமல் விட்ட ஒரே இடம் அவள் வேலை பார்த்த இடம். அங்கேதான் நான் போய்வந்தேன்.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல். அதுக்குள்ளே பிரெஞ்சு சாப்பாட்டுக்கு என்று தனியா ஒரு சின்ன அறை, மொத்தமே ஆறு டேபிள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க, கல்யாண நாள் கொண்டாடுற ஐடி ஜோடிங்க, அந்த மாதிரி ஆளுங்க வர்ற இடம். அங்கே ஒவ்வொரு தட்டு சாப்பாட்டுக்கும் ஜோடியா ஒரு ஒயின் குடுக்கிறாங்க. எதுக்கு எது ஜோடி என்று சொல்லி ஊற்றுறதுதான் புஜ்ஜியோட வேலை. சொந்தக்காரங்ககிட்டே ஓட்டலில் பரிமாறுறாள் என்றுதான் சொல்லுவோம்.

அந்த வேலைக்கு மூக்குதான் முக்கியமாம். ஊட்டில் எதைக் கண்டாலும் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். கொய்யாப்பழம், எலுமிச்சைத் தோல், பற்றவைச்சு அணைச்ச தீக்குச்சி, மழைக்கு முன்னாடி மாடித் தரை. ஒரு நாள் என் வேலைப் புடவையை மோந்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு கீதும்மா, வெள்ளை ஒயின்ல" என்றாள். நான் சிரிச்சேன். கஞ்சித் துணி நாத்தத்தைக் காசு குடுத்துக் குடிக்கிறவன் எவன்டி என்றேன்.

இப்போ ஏன் போனேன் என்று சொல்றேன். வர்ற மாசம் அவளுக்கு வருஷப் படையல். எங்க குடும்பத்தில் கல்யாணமாகாமல் போன பொண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுப் புடவை, பூ, வளையல், சக்கரைப் பொங்கல், அதோடு அவளுக்கு உயிரோடு இருந்தப்போ எது ரொம்பப் பிடிக்குமோ அது. எல்லாத்தையும் இலையில் வைச்சுக் கற்பூரம் காட்டணும். பிடிச்சதை வைக்காமல் விட்டால் ஆசை தீராமல் சுத்திக்கொண்டிருப்பாங்க என்று சொல்லுவாங்க. இதெல்லாம் எங்க ஊட்டில் முன்னே நின்று செய்யுறது என் நாத்தனார் கனகா. மேனாம்பேட்டில் இருக்கிறாள். எனக்கு அண்ணி மரியாதை குடுப்பாள், படையல் விஷயத்தில் மட்டும் குடுக்க மாட்டாள்.

நான் ஒயின் வைக்கணும் என்றேன். அவள் தூக்கிவாரிப்போட்ட மாதிரி பார்த்தாள்.

"கன்னியா போன பொண்ணு அண்ணி. பூவாடைக்காரிக்குப் போய் எவனாவது சரக்கு வெப்பானா?"

"உங்க அண்ணனுக்கு வருஷா வருஷம் குவாட்டர் வெக்கலையா?"

"அது ஆம்பளை."

"செத்த அப்புறம் இன்னா ஆம்பளை, பொம்பளை?"

அவளுக்கு என் மேலே கோபம் இல்லை, பயம். தப்பா ஏதாவது வைச்சு அந்தப் பொண்ணு நிம்மதியில்லாமல் போய்விடக்கூடாதே என்கிற பயம். எனக்கும் வேற ஒரு பயம் இருந்தது. அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒயின் என்று வாயால் சொல்றேன், எந்த ஒயின்? சாப்பாடு என்றால் எந்தச் சாப்பாடு? வேலை முடிஞ்சு வந்தால் அடுப்படியில் நின்றுகொண்டே ரசம் ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். கேட்டால், எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா என்பாள். இதுதான் என் பொண்ணுக்கு உசிரு என்று எடுத்து வைக்க ஒரு பொருள் எனக்குத் தெரியலை. அங்கே போய் உட்கார்ந்து, அங்கே குடுக்கிறதைத் தின்று, கூட வேலை பார்த்தவங்களையே கேட்டுவிடுவோம் என்று முடிவு பண்ணினேன்.

தனியாத்தான் போக இருந்தேன். கனகா விடலை. "நீ எதையாவது குடிச்சு உயுந்துட்டா யாரு தூக்கியாறது?" என்று அவளும் கிளம்பினாள்.

போனில் முதலிலேயே சொல்லி இடம் பிடிக்கணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் பகல் சாப்பாடு, மற்ற நாள் ராத்திரிதான். எந்தச் சாப்பாடாவது உடம்புக்கு ஒத்துக்காதா என்று கேட்டாங்க. கனகாவுக்குக் கத்தரிக்காய் அரிக்கும் என்று சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்காமல் எழுதிக்கொண்டது. யார் என்று கேட்டதுக்கு செல்வி என்று மட்டும் சொன்னேன். புஜ்ஜி அம்மா என்று சொல்லலை. சொன்னால் வேற மாதிரி நடத்துவாங்க. அவள் எல்லாருக்கும் எப்படிப் பரிமாறினாளோ அப்படியே எனக்கும் பரிமாறணும் என்று இருந்தது.

ஐப்பசி மழை. காலையில் பத்து மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆளுக்கு இருபது ரூபாய். அங்கே இருந்து ஆவடி வழியா பூந்தமல்லி போற பஸ். நம்பர் போடலை, அடிக்கடி மாத்துறாங்க, அங்கேயே கேட்டுக்கோங்க. சாதாரண பஸ்ஸாப் பார்த்து ஏறினால் பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. கிட்டத்தட்ட பதினெட்டு கிலோமீட்டர். ஆவடி மார்க்கெட்டில் மட்டும் அரை மணி நேரம் நின்றது. பருத்திப்பட்டு ஏரி நிறைஞ்சு தண்ணி ரோட்டுப் பக்கம் அடிச்சது. இந்த வழியாத்தான் அவள் தினம் போய்வந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்க ஒன்றும் இல்லை, கடைங்க, காலேஜ் போர்டு, அப்புறம் பூந்தமல்லி வந்தால் மெட்ரோ தூண். ஆனால் அவள் கண்ணும் இதையெல்லாம் பார்த்திருக்கும் என்று எதையும் விடாமல் பார்த்தேன்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ. நூறு கேட்டார், கனகா எண்பதுக்கு முடிச்சாள். ஓட்டல் பேரைச் சொன்னதும் அந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பின் கேட்டு தானேம்மா? ஸ்டாஃபுங்க அங்கதான் எறங்குவாங்க."

"ஏன் நைனா, எங்க மூஞ்சைப் பாத்தா துன்றவங்க மாதிரி தெரியலையா? முன் கேட்டுல உடு" என்றாள் கனகா.

அவர் சிரிச்சுவிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க அக்கா என்றார். நான் தப்பா எடுத்துக்கலை. புஜ்ஜி மூணு வருஷம் பின் கேட்டில்தான் இறங்கினாள். அந்த ஆட்டோவிலேயேகூட வந்திருக்கலாம். கேட்கலாமா என்று இருந்தது, கேட்கலை.

பன்னிரண்டரைக்கு உள்ளே போனோம். நான் கட்டியிருந்தது புஜ்ஜி முதல் சம்பளத்தில் எடுத்துக்குடுத்த ஊதாப் புடவை. அறை வாசலில் கனகா பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். கதவைப் பிடிச்சுக்கொண்டு நின்ற ஆள் பரவாயில்லைம்மா, போட்டுக்கோங்க என்று மெதுவாச் சொன்னார். சின்ன அறைதான். எங்க கம்பெனியில் துணி மடிக்கிற இடம் அவ்வளவு இருக்கும். ஜன்னலுக்குத் திரை, டேபிளுக்கு வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவத்தி. மத்தியானத்தில் எதுக்கு மெழுகுவத்தி என்று கனகா கேட்டாள். எனக்கும் தெரியலை. நாலு டேபிளில் ஆள் இருந்தாங்க. யாரும் சத்தமாப் பேசலை. சாவு ஊட்டுக்கு வந்த மாதிரி எல்லாரும் காதோடு பேசினாங்க.

தண்ணி ஊற்ற வந்தவள் ஸ்டெல்லா. எனக்கு அடையாளம் தெரிஞ்சது. புஜ்ஜிக்கு வேலை சொல்லிக்குடுத்த சீனியர், அவளைவிட நாலைஞ்சு வயசு பெரியவள். காரியத்துக்கு ஊட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் என்னைத் தெரிஞ்சுபோச்சு. ஜக்கை அப்படியே பிடிச்சுக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைத் தொட்டு, நீ எல்லாருக்கும் செய்யுற மாதிரியே செய்ம்மா, நாங்க சாப்பிடத்தான் வந்தோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. கண் சிவந்திருந்தது.

முதலில் வெங்காய சூப் வந்தது. மேலே ரொட்டியும் சீஸும் போட்டுச் சுட்ட மாதிரி. பக்கத்தில் ஒரு கிளாஸில் வெளிர் நிறத்தில் ஒயின், உள்ளே சோடா மாதிரி குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. ஒயின் எனக்கு மட்டும்தான். கனகா ஆரஞ்சு ஜூஸ் சொல்லிவிட்டாள். நாங்க கையை மடியில் வைச்சுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் போச்சு. ஒன்றும் வரலை. ஸ்டெல்லா சுவர் ஓரம் நின்று எங்களையே பார்க்கிறாள். நாங்க அவளைப் பார்க்கிறோம். சூப் மேலே சீஸ் ஆறி, ஆடை கட்டின மாதிரி ஆகிவிட்டது. இவ்ளோ காசு கேக்கறவங்க ஒரு கிண்ணியோட உக்கார வெச்சுட்டாங்களே என்று கனகா முணுமுணுத்தாள்.

கடைசியில் ஸ்டெல்லாவே வந்து, பிடிக்கலையாம்மா என்று கேட்டாள். பிடிக்கலைன்னு இல்லை, மத்ததெல்லாம் வரட்டும் என்று இருக்கோம் என்றேன். நமக்குப் பந்தியில் உட்கார்ந்தால் உப்பில் ஆரம்பிச்சு எல்லாம் இலையில் விழணும், சோறு வரணும், அப்புறம்தானே கை வைப்போம். படையலும் அப்படித்தானே.

"இதைச் சாப்பிட்டு முடிச்சாத்தாம்மா அடுத்தது வரும்" என்றாள். "நீங்க முடிப்பீங்கன்னு நான் நிக்கிறேன், நான் கொண்டாருவேன்னு நீங்க உக்காந்திருக்கீங்க."

கனகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லா அந்தக் கிண்ணத்தை எடுத்துப் போய் வேற சூடா கொண்டுவந்தாள். அப்போ சொன்னாள், புஜ்ஜி இருந்தவரைக்கும் இந்த மாதிரி நடக்காதாம். புதுசா வர்றவங்க உட்கார்ற விதத்திலேயே கண்டுபிடிச்சுவிடுவாளாம். தண்ணி ஊற்றும்போதே, ஒண்ணு ஒண்ணாத்தான் வரும், காத்திருக்காதீங்க, சூட்டோட சாப்பிடுங்க என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவாளாம், பக்கத்து டேபிளுக்குக் கேட்காமல். அவளுக்கு அப்புறம் அதைச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரலை என்றாள்.

எனக்குத் தெரிஞ்ச குடி ஒண்ணே ஒண்ணு. புஜ்ஜி பிறந்தப்போ பச்சை உடம்புக்கு நல்லது என்று என் மாமியார் குழந்தைக்குப் பால் ஊற்றுற பாலாடையில் பிராந்தி ஊற்றிக் குடுத்தாங்க. தொண்டை எரிஞ்சு அழுதேன். அதே மாதிரி இருக்கும் என்று பயந்துதான் கிளாஸை எடுத்தேன். அப்படி இல்லை. மாங்காய் வெட்டின கையை மோந்தால் வருமே, அந்த வாசனை. மூக்கில் குமிழ் ஏறித் தும்மல் வந்தது.

அடுத்து மீன். வெண்ணெயில் வேகவைச்சு, முள்ளே இல்லாமல், காரமும் இல்லாமல். அதுக்கு வேற ஒரு வெள்ளை ஒயின். ஸ்டெல்லா ஊற்றினதும் மோந்து பார்த்தேன். அப்புறம் கிளாஸைக் கீழே வைச்சுவிட்டேன். கஞ்சி போட்ட புதுத் துணி, இஸ்திரிப் பெட்டி பட்டதும் கிளம்புமே, அதுதான். என் புடவையில் அவள் மோந்த வாசனை. அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்று இவ்வளவு நாள் நினைச்சிருந்தேன். கொஞ்ச நேரம் என்னால் சாப்பிட முடியலை. கனகா என் தட்டு மீனைச் சின்னச் சின்னதா எடுத்துவைச்சாள்.

மூணாவது கோழி. சிவப்பு ஒயினிலேயே வேகவைச்சுக் கறுப்பாக் குழம்பு மாதிரி வந்தது. அதுக்குச் சிவப்பு ஒயின். ஒரு வாய் குடிச்சதும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வாயை இழுத்துப் பிடிச்சது. நல்லா இல்லையே என்றேன். கோழியை ஒரு வாய் தின்றுவிட்டுக் குடிச்சுப் பாருங்கம்மா என்றாள் ஸ்டெல்லா. அப்படியே செய்தேன். அதே ஒயின்தான், வேற மாதிரி ஆகிவிட்டது. கசப்பு போய் உள்ளே இறங்கினது தெரிஞ்சது. கோழியும் முன்னே இருந்ததைவிட நல்லா இருந்தது. இரண்டு, மூணு தடவை மாத்தி மாத்திச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. என் பொண்ணு என்ன வேலை பார்த்தாள் என்று எனக்கு அப்போதான் புரிஞ்சது.

கடைசியில் எலுமிச்சை போட்ட ஒரு இனிப்பும், வெல்லப்பாகு மாதிரி ஒரு சின்ன கிளாஸ் ஒயினும் வந்தது. மற்ற டேபிளில் ஆள் குறைஞ்சிருந்தாங்க. அப்போதான் ஸ்டெல்லாவைக் கேட்டேன். படையல் விஷயத்தைச் சொன்னேன். இந்த நாலில் அவளுக்கு எது பிடிக்கும், வேற எதுவாச்சும் இருந்தாலும் சொல்லும்மா, நான் அதை வைக்கணும் என்றேன்.

கிளாஸைத் துடைச்சுக்கொண்டே நின்றாள்.

"நாங்க குடிக்க மாட்டோம்மா" என்றாள். "பாட்டிலைத் தொறந்தா கெட்டுப்போச்சா, நல்லா கீதான்னு ஒரு வாய் வெச்சுப் பாக்கணும். பாத்துட்டு துப்பிடணும். அதுக்குன்னே உள்ள ஒரு ஸ்டீல் மக்கு கீது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். முழுங்கிக்கினே இருந்தா மூடுற வரைக்கும் நிக்க முடியுமா?"

சாப்பாடும் அப்படித்தானாம். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிறவங்க எல்லாருக்கும் சாம்பார் சாதமும் ஒரு பொரியலும். புதுசா ஏதாவது செய்தால் செஃப் ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுப்பாராம், கேட்கிறவங்களுக்கு விளக்கிச் சொல்ல. ஒரு ஸ்பூன்தான். முழுத் தட்டு யாரும் தின்றது கிடையாது.

அவளுக்கு என்று ஒண்ணு பிடிச்சிருக்குமே என்றேன்.

"நானும் கேட்டிருக்கேன்மா. உனக்கு எது புடிக்கும் சுகந்தின்னு. 'எந்த டேபிளுக்கு'ன்னு திருப்பிக் கேப்பா."

இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தான், அது இங்கேயும் இல்லை. கனகா ஸ்பூனைக் கீழே வைச்சாள். என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவையே பார்த்துக் கேட்டாள், ஒரு வாய்கூட உள்ளே போனதில்லையா என்று. ஸ்டெல்லா, நான் பார்த்து இல்லை என்றாள். கனகா என் சிவப்பு ஒயின் கிளாஸை இழுத்து, மிச்சம் இருந்ததில் விரலை நனைச்சு நாக்கில் வைச்சாள். மூஞ்சைச் சுளிச்சாள்.

"அப்ப வெச்சே ஆவணும் அண்ணி" என்றாள். "நாக்கு வரைக்கும் வந்தது தொண்டைக்குள்ள எறங்கல. மூணு வருஷமா. இதுக்கு மேல இன்னா ஆசை கீது, தீக்கிறதுக்கு? நான்தான் வேணாம்னேன். நானே கற்பூரம் காட்றேன், வெச்சிடு."

எதை வைக்கிறது என்று கேட்டேன். நாலையும் வைச்சுவிடலாம் என்றாள் அவள். எனக்கு அது சரியாப் படலை. நாலையும் வைச்சால் அது அவள் வேலையை இலையில் வைச்ச மாதிரி ஆகிவிடும். மறுபடியும் மோந்து பார்த்துவிட்டு, இது எந்த டேபிளுக்கு என்றுதான் கேட்பாள்.

பில்லு, இரண்டு பேர் சாப்பாடு, ஒருத்தருக்கு ஒயின், வரி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து இருநூறு ரூபாய். சீட்டு எடுத்த காசில் குடுத்தேன். ஸ்டெல்லா குறைச்சுத் தரச் சொல்லிக் கேட்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். வாசல் வரைக்கும் வந்தாள். மூணே காலுக்கு வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. பஸ்ஸில் கனகா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குடிச்சது நான், தூங்கினது அவள். ஐந்து மணிக்குள் ஊட்டுக்கு வந்துவிட்டோம்.

போக நினைக்கிறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு வாரத்துக்கு முன்னாடியே போன் பண்ணுங்க. புடவை கட்டிக்கொண்டு போகலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க, செருப்பைக் கழற்ற வேண்டாம். காரம் வேணும் என்கிறவங்களுக்குச் சரிப்படாது. ஒண்ணு ஒண்ணாத்தான் வரும், காத்திருக்காதீங்க, சூட்டோட சாப்பிடுங்க. ஒயினை முதலில் தனியா ஒரு வாய், அப்புறம் சாப்பாட்டோடு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அதுக்குத்தான் அந்தக் காசு. பாட்டிலை வெளியே குடுக்க மாட்டாங்க, சட்டம் அப்படியாம். நான் ஸ்டெல்லாகிட்டே கேட்டு, நான் குடிச்சதில் ஒண்ணைப் போலவே இருக்கிற பாட்டிலோட பேரை எழுதி வாங்கி வந்திருக்கேன். அரசாங்கக் கடையில் ஒயின் தனியா விற்கிற இடம் இருக்காம், அங்கே கிடைக்குமாம். அதை வாங்க நானே போவேன். கனகாவும் வர்றேன் என்றிருக்கிறாள், முந்தானையால் மூஞ்சை மூடிக்கொண்டு. அந்த ஓட்டலில் இருந்து கிளம்பும்போது, உங்களுக்கு ஊற்றினவங்க கண்ணைப் பார்த்து நல்லா இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க. அவங்க குடிச்சிருக்க மாட்டாங்க. உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் அது எப்படி இருந்தது என்று தெரிஞ்சுப்பாங்க.

புஜ்ஜி, நான் அந்தச் சிவப்பைத்தான் வைக்கப்போறேன். உனக்குப் பிடிச்சது எது என்று கண்டுபிடிக்க முடியலை, அதனால் எனக்குப் பிடிச்சதை வைக்கிறேன். பக்கத்தில் கோழிக் குழம்பு, நம்ம ஊட்டுக் குழம்பு, காரம் கம்மியா. முதலில் குழம்பு ஒரு வாய், அப்புறம் ஒயின். நீ எனக்கு ஊற்றியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாய். படையல் அன்னிக்கு உனக்கு ஒரு டேபிளும் கிடையாது, மக்கும் கிடையாது, முழுசாக் குடி. ஆனால் எனக்கு ராத்திரி படுத்தால் இது ஒண்ணுதான் மண்டைக்குள்ளே ஓடுது. அந்த மூணு வருஷத்தில், உள்ளே யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, ஒரே ஒரு தடவையாவது துப்பாமல் முழுங்கினியாடி?